நாற்பதுக்கு மேல் வேலை மாற்றம்: ஜெபத்தோடு கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது யாராவது தோளைத் தொட்டு, "அண்ணே, ஒரு நிமிஷம்" என்பார்கள். அந்த ஒரு நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆகும். பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: பார்க்கிற வேலையை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போகலாமா, அதில் ஆண்டவருடைய சித்தம் என்ன?

என்னிடம் கேட்க ஒரு காரணம் உண்டு. அம்பத்தூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் 19 வருஷம் இருந்துவிட்டு, 2014 டிசம்பரில், 42 வயதில் விலகினேன். இப்போது திருநெல்வேலியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்துகிறேன். நடுவில் ஒரு தோல்வி உண்டு. அது பின்னால் வரும். நான் போதகரும் இல்லை, நிதி ஆலோசகரும் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கீழே போட்டிருக்கிறேன்.

ஆண்டவர் கொடுத்த வேலையை விடணும்னு நினைக்கிறதே நன்றி கெட்டதனம் இல்லையா?

இல்லை. 1 கொரிந்தியர் 7:20-ஐக் காட்டி, "அழைக்கப்பட்ட நிலைமையிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறதே" என்பார்கள். அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். அடிமையாய் இருப்பவனுக்கு விடுதலையாக வழி கிடைத்தால் அதைப் பயன்படுத்திக்கொள் என்கிறார் பவுல். நிலைமையை மாற்றினால்தான் தேவனுக்குப் பிரியமாக இருக்க முடியும் என்று எண்ணிக் குழம்பியவர்களுக்கு எழுதியது அது. வேலை மாற்றத்துக்குப் போட்ட தடை உத்தரவு அல்ல.

நன்றி வேறு, ஒட்டிக்கொண்டிருப்பது வேறு. 19 வருஷம் என் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தத் தொழிற்சாலையால்தான். அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

எனக்கு 44 ஆகுது. இத்தனை வயசுக்கு மேலயா?

வேதத்தில் உதாரணம் தேட வேண்டுமென்றால் பஞ்சமே இல்லை. ஆரானைவிட்டுக் கிளம்பும்போது ஆபிரகாமுக்கு 75. பார்வோன் முன் நின்றபோது மோசேக்கு 80. ஆனால் இவர்களைச் சொன்னால், "அவங்க ஆபிரகாம், நான் அக்கவுண்டன்ட்" என்று பதில் வரும். நியாயம்தான். அதனால் நான் எண்ணாகமம் 8:24–26-ஐச் சொல்வேன். ஆராதனைப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட கோத்திரத்தாரான லேவியர் 25 வயதில் கூடாரப் பணிக்கு வர வேண்டும். 50 ஆனதும் அந்தப் பணியிலிருந்து விலகி, தங்கள் சகோதரருக்குத் துணையாகக் காவல் காக்க வேண்டும். ஒரே ஆயுளில் இரண்டு விதமான வேலை என்பது அவர்களுக்குச் சட்டத்திலேயே எழுதியிருந்தது.

நம் பக்கத்து உதாரணமும் ஒன்று. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1826-இல் பிறந்த கத்தோலிக்கர். தமிழின் முதல் நாவல் என்று நாம் சொல்லும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் அச்சில் வந்தபோது அவர் ஐம்பதைத் தாண்டியிருந்தார். இன்னும் தூரத்தில் போனால் இலொயோலா இஞ்ஞாசியார். பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கியவர். முதலில் போர்வீரர், 1521-இல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தது. பிறகு 33 வயதில் பார்சிலோனாவில் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் படித்தார். எனக்கு இவரை ரொம்பப் பிடிக்கும். பி.எட். ஓராண்டிலிருந்து ஈராண்டானது 2015-இல். நான் சேர்ந்ததும் சரியாக அந்த வருஷம்தான். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த பையனின் அப்பா என்னைவிட இரண்டு வயது சின்னவர்.

இதற்காக வயது ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாற்பதைத் தாண்டியவரை ஆரம்பநிலை வேலைக்கு எடுக்கப் பல நிறுவனங்கள் தயங்குகின்றன. வயது கூடுதல் மதிப்பாகும் இடங்களைப் பாருங்கள்: கற்பித்தல், ஆற்றுப்படுத்துதல் (கவுன்சிலிங்), மருத்துவமனை நிர்வாகம், தொண்டு நிறுவனக் கணக்கு, முதியோர் பராமரிப்பு. இங்கெல்லாம் நரைமுடிக்குக் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்கிறது.

இது தேவ சித்தமா, இல்ல எனக்கு வந்த சலிப்பா? எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

நான் முதலில் கேட்பது: நாளைக்கே உங்கள் மேனேஜர் மாறிவிட்டால் இந்த வேலையில் இருப்பீர்களா? "இருப்பேன்" என்று உடனே பதில் வந்தால், நீங்கள் விட நினைப்பது ஒரு மனிதரைத்தான். அதற்கு வேறு கிளை, வேறு பிரிவு, வேறு கம்பெனி போதும். தொழிலையே மாற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது, தூக்கம். சோர்ந்துபோன எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ்ப் படுத்து "போதும் கர்த்தாவே" என்றபோது தேவதூதன் ஊழியத் திட்டம் எதையும் விளக்கவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான்; எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினான். பேச்சு அதற்குப் பிறகுதான். மாதக்கணக்காகத் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள். இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் வைத்த விதி ஒன்று இதோடு சேரும்: மனம் வறண்டு கிடக்கும் நாட்களில், முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றாதே. நான் இதைக் கொஞ்சம் நீட்டி வைத்திருக்கிறேன். அப்ரைசல் முடிந்த வாரத்திலும், சண்டை போட்ட வாரத்திலும் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள்.

மூன்றாவது, பத்து நாள் விடுப்பு எடுங்கள். திரும்பி வந்த மூன்றாவது வாரமும் அதே எண்ணம் அமைதியாக, கோபமில்லாமல் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அது ஏறத்தாழ இரண்டு வருஷம் இருந்தது. ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு வரும்போது மட்டும் நான் களைத்துப் போவதில்லை என்பதை முதலில் கவனித்தது என் மனைவி.

வருஷப் பிறப்பு ஆராதனையில எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்தம் வந்துச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?

உங்களுக்கு நல்ல எதிர்காலம் வைத்திருக்கிறேன் என்கிற வசனம் அது. வருஷப் பிறப்பன்று ஆளுக்கொரு வசனம் அச்சடித்துத் தரும் அந்த அட்டையை நானும் பர்ஸில் வைத்திருந்தவன்தான். ஆனால் 10-ஆம் வசனத்தையும் அட்டையில் அச்சடித்திருந்தால் பாதிப் பேர் அதை மாற்றித் தரச் சொல்லியிருப்பார்கள். பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு உங்களைச் சந்திப்பேன் என்கிறது அது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இது. சீக்கிரமே திரும்பிவிடலாம் என்று ஆறுதல் சொன்ன தீர்க்கதரிசிகளை அதே கடிதம் மறுக்கிறது. 5-ஆம் வசனம் கொடுக்கும் உடனடி வேலை, இருக்கிற இடத்தில் வீடு கட்டித் தோட்டம் போடுவது.

வாக்குத்தத்தத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஆண்டவர் உங்களை மறக்கவில்லை என்பதை அது சொல்கிறது. பிப்ரவரியில் நோட்டீஸ் கொடுக்கலாமா என்பதைச் சொல்லவில்லை.

கிதியோன் மாதிரி ஒரு அடையாளம் கேட்டுப் பார்க்கலாமா?

கேட்கலாம், ஆண்டவர் பொறுமையுள்ளவர். ஆனால் நியாயாதிபதிகள் 6-ஐ முழுக்க வாசித்தால், ஆட்டுத்தோலில் மட்டும் பனி பெய்யட்டும் என்று அதைக் களத்தில் போடுவதற்கு முன்பே, போருக்குப் போ என்று கிதியோனுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டுவிட்டது. அவர் தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை. தெரிந்ததைச் செய்யப் பயந்து கேட்டார். ஒரு தடவை போதாமல் அடையாளத்தைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவையும் கேட்டார். "வெள்ளிக்கிழமைக்குள் போன் வந்தால் போகிறேன்" என்று வேண்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். போன் வந்த பிறகும், "சனிக்கிழமை இன்னொன்று" என்றார்கள்.

சரி, கையில எவ்வளவு இருந்தா வேலையை விடலாம்?

இந்தக் கேள்வியை ஜெபக் கூட்டத்தில் கேட்க எல்லோருக்கும் கூச்சம். வாசலில்தான் கேட்பார்கள். என் கணக்கு இது: வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம், கடன் தவணை எல்லாம் சேர்த்து ஒரு வருஷச் செலவு தனியாக வங்கியில் இருக்க வேண்டும். படிப்புக்குப் போவதென்றால் படிப்புக் காலம் முழுவதற்கும் ஏற்பாடு வேண்டும். வருங்கால வைப்புநிதியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது முதுமைக்கு உரியது. 2024–25-க்கு அதற்கு 8.25 சதவீதம் வட்டி அறிவித்தார்கள்; அந்தப் பாதுகாப்போடு அந்த வட்டி வெளியில் கிடைப்பது அரிது. வைப்புநிதியோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் 10 வருஷ சேவை நிறைந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி வருகிறது. ஒன்பது வருஷத்தில் அவசரப்பட்டு விலகாதீர்கள்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) உங்களுக்கு உரிமையான பணம், கேட்டு வாங்குங்கள். ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிடுவார்கள். கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 52,000, சேவை 18 வருஷம் என்றால், 52,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 30,000; அதை 18-ஆல் பெருக்கினால் 5,40,000 ரூபாய்.

எல்லோரும் மறப்பது மருத்துவக் காப்பீடு. கம்பெனி கொடுத்த குழுக் காப்பீடு பொதுவாக நீங்கள் விலகுகிற நாளோடு போய்விடும். புதிதாகத் தனிக் காப்பீடு எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று வருஷம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். நாற்பத்தைந்து வயதில் இந்த இரண்டில் ஒன்றாவது நம்மில் பலருக்கு இருக்கிறது. ஆகவே வேலையில் இருக்கும்போதே, அதே காப்பீட்டு நிறுவனத்தில் குழுக் காப்பீட்டைத் தனிக் காப்பீடாக மாற்ற முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டுக் கடனைவிட இது அவசரம்.

இப்படிக் கணக்குப் போடுறது விசுவாசத்துக்கு விரோதம்னு ஒருத்தர் சொல்றார். "முதலாவது அவருடைய ராஜ்யத்தைத் தேடுங்கள்"னு இருக்கே?

அதைச் சொன்ன அதே இயேசு, கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்றும் கேட்டார் (லூக்கா 14:28). அந்த உவமை சீஷத்துவத்தைப் பற்றியது, கட்டடத்தைப் பற்றியது அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புத்தியுள்ள எவனும் கணக்குப் பார்ப்பான் என்பதை அவர் சாதாரணமாக எடுத்துக்கொண்டுதான் பேசுகிறார். யோசேப்பு பார்வோனுக்குச் சொன்ன யோசனையும் இதே வகை: விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வை. சொப்பனத்தின் அர்த்தத்தைச் சொன்ன அதே வாய்தான் களஞ்சியக் கணக்கையும் சொன்னது.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். "கணக்குப் பார்க்காதே, விசுவாசி" என்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் வேறு யாரோ கணக்குப் பார்க்கிறார்கள். அநேகமாக அவர்கள் மனைவி.

எனக்கு ஜெபத்துல உறுதி கிடைச்சாச்சு. ஆனா வீட்டுல ஒத்துக்க மாட்டேங்குறாங்க. நான் யாருக்குக் கீழ்ப்படியணும்?

கேள்வியை இப்படி அமைக்கும்போதே மனைவியை ஆண்டவருக்கு எதிர்க்கட்சியாக உட்கார வைத்துவிடுகிறோம். இருவரும் ஒரே மாம்சம் என்றால் உறுதி பாதிப் பேருக்கு மட்டும் வருவது எப்படி? தன் வீட்டாரைக் கவனிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்வதைவிடக் கடுமையாக இந்த விஷயத்தில் நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் பேச்செடுத்தபோது என் மனைவி மறுக்கவும் இல்லை, ஆமென் சொல்லவும் இல்லை. மூன்று நாள் கழித்து மூன்று நிபந்தனை வைத்தாள். பெரியவள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் வீடு மாறக் கூடாது. நகை அடகுக் கடைக்குப் போகக் கூடாது. இரண்டு வருஷத்தில் சரிப்படாவிட்டால், "ஆண்டவர் இன்னும் சோதிக்கிறார்" என்று சொல்லாமல் பழைய மாதிரி கணக்கு வேலைக்குப் போய்விட வேண்டும். மூன்றாவது எனக்குச் சுருக்கென்றது. இப்போது யோசித்தால், நான் அதுவரை செய்த எந்த உபவாசத்தையும்விட அந்த நிபந்தனைகள்தான் எனக்கு வழிகாட்டின. பயந்தவர் என்ன சொல்லிப் பயப்படுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதில் பாதி, நீங்கள் செய்யாமல் விட்ட வேலைகளின் பட்டியலாக இருக்கும்.

எனக்கு 46 வயசு. இருபது வருஷம் வீட்டுலதான் இருந்தேன், பிள்ளைங்க வளர்ந்துட்டாங்க. நான் இப்ப வேலைக்குப் போனா அதை வேலை மாற்றம்னு சொல்லலாமா அண்ணே?

தாராளமாக, அக்கா. இருபது வருஷம் நீங்கள் பார்த்ததும் வேலைதான். சம்பளச் சீட்டு மட்டும் வரவில்லை. நீதிமொழிகள் 31-ஐ அன்னையர் ஞாயிறன்று வாசிக்கும்போது யாரும் 16-ஆம் வசனத்தில் நிற்பதில்லை. அந்தப் பெண் ஒரு வயலை விசாரித்து வாங்குகிறாள், தன் கையின் வருமானத்தில் திராட்சத்தோட்டம் போடுகிறாள். பிலிப்பி சபை கூடிய வீட்டுக்காரி லீதியாள், இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த சாயத் துணி விற்றவள்.

நடைமுறையில் ஒன்று: முதல் ஆறு மாதம் சம்பளத்தைப் பார்க்காமல், வெளியே போய் வரும் ஒழுங்கைப் பழகுங்கள். பகுதிநேரமோ மாலை டியூஷனோ பரவாயில்லை. அப்புறம், வீட்டு வேலையை யார் பங்கு போட்டுக்கொள்வது என்பதைச் சேருவதற்கு முன்பே பேசிவிடுங்கள். சேர்ந்த பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

கதவு தானா திறந்துச்சுன்னா அது கர்த்தர்தானே? அடைச்சுச்சுன்னா அவருக்குச் சித்தம் இல்லைன்னு தானே?

இந்தக் கதவு பாஷையை நாம் பவுலிடமிருந்துதான் எடுத்தோம். ஆனால் அவர் அதை நடத்திய விதம் வேறு. துரோவாவில் கர்த்தராலே கதவு திறக்கப்பட்டிருந்தது என்று அவரே எழுதுகிறார். இருந்தும் தீத்துவைக் காணாததால் மனதில் அமைதி இல்லாமல் விடைபெற்று மக்கெதோனியாவுக்குப் போய்விட்டார் (2 கொரிந்தியர் 2:12–13). எபேசுவிலோ, பெரிய கதவு திறந்திருக்கிறது, விரோதிகளும் அநேகர், அதனால் தங்குகிறேன் என்கிறார் (1 கொரிந்தியர் 16:8–9). ஒரு ஊரில் திறந்த கதவை விட்டுவிட்டுப் போகிறார். இன்னொரு ஊரில் எதிர்ப்பு இருந்தும் நிற்கிறார். கதவு திறப்பது ஒரு தகவல்தான். போகிறதா இல்லையா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு முதல் பள்ளி நேர்காணலில் வேலை கிடைக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. நான்காவதில் கிடைத்தது. முதல் கதவோடு நின்றிருந்தால் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒரு ஊழியக்காரர் என்னைப் பார்த்ததும், "நீ இந்த வேலையில இருக்கக் கூடாது, கர்த்தர் உன்னை வெளியே அழைக்கிறார்"னு தீர்க்கதரிசனம் சொன்னார். நான் அவர்கிட்ட எதுவுமே சொல்லல!

தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதே, எல்லாவற்றையும் சோதித்துப் பார் என்று அடுத்தடுத்த இரண்டு வசனங்களில் பவுல் சொல்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5:20–21). இரண்டையும் செய்யுங்கள். அப்போஸ்தலர் 21-இல் அகபு பவுலின் கச்சையால் தன்னைக் கட்டிக்கொண்டு எருசலேமில் நடக்கப்போவதைச் சொல்கிறார். சொன்னது பலித்தது. கூடியிருந்தவர்கள் எல்லோரும் அழுது தடுத்தார்கள். பவுல் போனார். சரியான தீர்க்கதரிசனமே வந்தும், முடிவைப் பவுல்தான் எடுத்தார்.

மறுபக்கமும் வேதத்தில் இருக்கிறது. 1 இராஜாக்கள் 13-இல் ஒரு தேவமனுஷனுக்கு நேரடிக் கட்டளை உண்டு: இந்த ஊரில் சாப்பிடாதே. ஒரு கிழட்டுத் தீர்க்கதரிசி வந்து, தேவதூதன் என்னிடம் சொன்னான் என்று பொய் சொல்லி அழைத்துப் போய்ச் சாப்பிட வைக்கிறார். திரும்புகிற வழியில் சிங்கம் கொன்றது யாரை என்று பாருங்கள். பொய் சொன்னவரை அல்ல. உங்களுக்குச் சொன்னவர் நல்லவராகவே இருக்கட்டும். மாதத் தவணை அவர் கணக்கிலிருந்து போகப் போவதில்லை.

வேலையை விட்டுட்டு முழு நேர ஊழியத்துக்குப் போகணும்னு ரொம்ப நாளா பாரம். இது எல்லாத்தையும்விட மேலான அழைப்பு தானே?

மேலான, கீழான என்ற இந்த ஏணியை முதலில் சாய்த்து வையுங்கள். பதினாறாம் நூற்றாண்டில் லூத்தர் வாதாடிய விஷயங்களில் ஒன்று இது: துறவிக்கு மட்டும் அழைப்பு உண்டு என்பதில்லை, மாடு கறக்கிறவளுக்கும் செருப்புத் தைக்கிறவனுக்கும் அவரவர் வேலையே அழைப்பு. பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு தங்கிக் கூடாரம் செய்தார். 1793-இல் வங்காளம் வந்த மிஷனரி வில்லியம் கேரிக்குக் கையிலிருந்த பணம் சீக்கிரமே கரைந்துவிட்டது. அடுத்த வருஷம் முட்னாபதியில் ஒரு அவுரிச் சாயத் தொழிற்சாலையைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்து, அந்தச் சம்பளத்தில் பிழைத்துக்கொண்டே வேதத்தை மொழிபெயர்த்தார். இவர்களை யாரும் 'பகுதி நேரம்' என்று சொல்லவில்லை.

பாரம் உண்மையாக இருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வருபவர்களிடம் நான் கேட்பது: கடந்த இரண்டு வருஷம் சனி, ஞாயிறில் சம்பளமில்லாமல் என்ன செய்தீர்கள்? மருத்துவமனைச் சந்திப்பு, வாலிபர் கூட்டம், பக்கத்துக் கிராமச் சபை, ஏதாவது? எதுவும் இல்லாமல் பாரம் மட்டும் இருந்தால் அந்த இரண்டு வருஷத்தை இப்போது தொடங்குங்கள். ஆபீஸ் அரசியல் தாங்காமல் ஊழியத்துக்கு ஓடி வருகிறவர்களும் உண்டு. ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளுக்கெல்லாம் நடக்கும் திருமண்டலத் தேர்தலை ஒரு முறையாவது கிட்டே இருந்து பார்த்தவர்கள் அந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள்.

உண்மையில் போவதென்றால், முதலில் உங்கள் சேகரகுருவிடம், அதாவது உங்கள் வட்டாரச் சபைகளுக்குப் பொறுப்பான போதகரிடம், பேசுங்கள். குருப்பட்டத்துக்கு வயது வரம்பும் பேராயர் பரிந்துரையும் உண்டு. அது திருமண்டலத்துக்குத் திருமண்டலம் வேறுபடும். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் சென்னையில் குருக்குல் லுத்தரன் இறையியல் கல்லூரியும் இருக்கின்றன. வேலையை விடாமலே படிக்க, செராம்பூர் இறையியல் பல்கலைக்கழகத்தின் வெளிப்படிப்புகள் உண்டு. அதில் ஒரு வருஷம் படித்துப் பார்த்தவர்களில் சிலர் பாரம் கூடி வந்தார்கள். சிலர் நிம்மதியாக வங்கி வேலையிலேயே இருந்துகொண்டு நல்ல பிரசங்கிமார் ஆனார்கள்.

நம்ம சபை பிரதர் ஒருத்தர் கூட்டா தொழில் செய்யலாம்னு கூப்பிடுறார். விசுவாசிகளுக்குள்ள எதுக்கு எழுத்து, பத்திரம் எல்லாம்?

இதோ என் தோல்வி. வேலையை விட்ட கையோடு, அதே சபையில் எனக்கு நெருக்கமான ஒருவரோடு கல்யாணச் சமையல் ஒப்பந்தத் தொழிலில் இறங்கினேன். மனைவி வேண்டாம் என்றாள். அவருக்குச் சமையல், எனக்குக் கணக்கு, ஜெபித்துத் தொடங்கினோம். எழுத்தில் ஒன்றும் இல்லை. 19 வருஷம் கம்பெனிக் கணக்கில் ஒரு பைசா விடாதவன், சொந்தப் பணத்துக்கு ஒரு ரசீது கேட்கக் கூச்சப்பட்டேன். ஆறு மாதத்தில் மூன்றரை லட்சம் போனது. அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். யார் எவ்வளவு போட்டோம், அட்வான்ஸ் யாருடையது, நஷ்டம் யாருடையது என்று இருவருக்கும் வெவ்வேறு ஞாபகம். நட்பும் போயிற்று. இன்னும் திருவிருந்துக்கு வேறு வேறு வரிசையில்தான் போகிறோம்.

ஆகவே: கூட்டு ஒப்பந்தப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். முதல், லாபப் பங்கு, விலகும் வழி மூன்றும் அதில் இருக்க வேண்டும். எரேமியா தன் தகப்பனின் உடன்பிறந்தவர் மகனிடம் நிலம் வாங்கியபோது பணத்தை நிறுத்துக் கொடுத்து, பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளை வைத்து, பத்திரத்தை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொன்னார் (எரேமியா 32). தீர்க்கதரிசிக்கே அவ்வளவு தேவைப்பட்டது. ஆள் சேர்த்தால் கமிஷன் என்கிற சங்கிலித் திட்டங்களோடு வருகிறவர்களுக்கு இத்தனை யோசனை வேண்டாம். ஆராதனை முடிந்ததும் வேறு வாசல் வழியாகப் போய்விடுங்கள்.

சம்பளம் பாதியாகிடுச்சு. தசமபாகம் பழையபடியே கொடுக்கணுமா?

பத்தில் ஒன்று, வருகிறதில்தானே? வருவது பாதியானால் அதுவும் பாதியாகும். இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்பது 2 கொரிந்தியர் 8:12-இன் பொருள். படிக்கிற இரண்டு வருஷம் எங்கள் காணிக்கை உறை மெலிந்துதான் இருந்தது. சபைப் பொருளாளர் ஒரு தடவை மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

ராஜினாமா கொடுத்துட்டு உடனே கிளம்பிடலாமா? மனசு இங்க ஒட்டவே இல்ல.

பின்னாளில் பேராயரான அகுஸ்தீனார் மனம் திரும்பிய ஆண்டு 386. அப்போது மிலானில் பேச்சுக்கலை ஆசிரியர். அந்த வேலையில் இனி ஒரு நாளும் இருக்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் திராட்சை அறுவடை விடுமுறைக்குச் சுமார் இருபது நாள்தான் இருக்கிறது என்று எண்ணி, ஆர்ப்பாட்டமில்லாமல் அதுவரை பாடம் நடத்திவிட்டு, பிறகுதான் விலகிக்கொண்டார். அவருக்கு மார்பு வலியும் மூச்சுத் தொல்லையும் வேறு இருந்தது.

நோட்டீஸ் காலத்தை முழுக்கப் பாருங்கள். ஒப்படைப்புக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். பணி அனுபவச் சான்று, பணிக்கொடைப் படிவம், வைப்புநிதிக் கணக்கில் விலகிய தேதி மூன்றும் சரியாக இருக்கிறதா என்று கடைசி வாரத்தில் பாருங்கள். கடைசி நாளில் பிரிவு உபசாரத்தில் மேனேஜருக்குச் சாட்சி சொல்கிறேன் என்று மைக்கைப் பிடித்துக் கணக்குத் தீர்க்காதீர்கள். அப்படி ஒன்றை நேரில் பார்த்திருக்கிறேன். கேக் வெட்ட யாரும் வரவில்லை.

எல்லாம் செஞ்சும் சரிப்படலைன்னா? பழைய வேலைக்கே திரும்பிப் போனா சபையில என்ன சொல்வாங்க?

சொல்வார்கள். இரண்டு ஞாயிறு சொல்வார்கள், மூன்றாவது ஞாயிறு வேறு யாருக்காவது கல்யாணம் நின்றிருக்கும்.

செபெதேயுவின் மகன்கள் இயேசுவுக்குப் பின்னே போனபோது அப்பாவைக் கூலியாட்களோடு படகில் விட்டுவிட்டுப் போனார்கள் என்று மாற்கு 1:20 சொல்கிறது. அந்தக் 'கூலியாட்கள்' என்ற ஒரு சொல் எனக்கு ஆறுதல். தொழில் நின்றுபோகவில்லை, படகும் விற்கப்படவில்லை. உயிர்த்தெழுதலுக்குப் பிறகு பேதுரு "மீன்பிடிக்கப் போகிறேன்" என்று கிளம்பியபோது ஏற ஒரு படகு இருந்தது. விடிந்ததும் கரையில் நின்ற இயேசு, எதற்காகத் திரும்பிப் போனாய் என்று கேட்கவில்லை. கரிநெருப்பில் மீனும் அப்பமும் வைத்து, சாப்பிட வாருங்கள் என்றார். ஆகவே பழைய தொழிலோடு உள்ள தொடர்பை அறுக்காதீர்கள். சான்றிதழ்களைப் புதுப்பித்து வையுங்கள், பழைய சகாக்களுக்கு அவ்வப்போது போன் செய்யுங்கள். என் மனைவியின் மூன்றாவது நிபந்தனையும் கிட்டத்தட்ட இதுதான்.

உங்களுக்கு வருத்தமே இல்லையா அண்ணே? உண்மையைச் சொல்லுங்க.

உண்டு. என்னோடு சேர்ந்தவர்கள் இப்போது வாங்கும் சம்பளத்தைக் கேட்டால் அன்றிரவு தூக்கம் கொஞ்சம் தள்ளிப் போகும். பெரியவளைச் சென்னையில் படிக்க வைக்க முடியவில்லை, பாளையங்கோட்டையில் படித்தாள். அவள் ஒன்றும் சொன்னதில்லை. மூன்றரை லட்சத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரியும்.

பன்னிரண்டாம் வகுப்பில் கூட்டாண்மைக் கணக்குப் பாடம் நடத்தும்போது, ஒப்பந்தம் எழுதாத கூட்டாளிகள் கதையை ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன். யாருடையது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. மார்ச் மாதம் வந்தால் இப்போதும் கை துறுதுறுக்கும், ஆண்டு முடிவுக் கணக்குக்காக. போன வருஷம் சேகரக் கமிட்டியில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சபைக் கணக்கு முழுவதும் இப்போது என் மேஜையில் இருக்கிறது.